நசரத்பேட்டை ஷெட்டில் அப்பாவுக்கு ஒரு கட்டில்

ஞானம் அண்ணன் போய்விட்டார்.

நசரத்பேட்டை மெக்கானிக் ஞானம் அண்ணன். முந்தாநாள் காலையில் ஷெட் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று அடக்கம். இன்றைக்குத்தான் எழுதக் கை வந்தது.

"டீசல் குடிகாரன்" என்று இங்கே ஒரு வண்டியைத் திட்டிக்கொண்டே இருப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி. அதற்கு வைத்தியம் பார்த்தவர் இவர்தான்.

அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். திருநின்றவூர் வீட்டிலிருந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு நான்தான் டிரைவர். அவர் கால் நீட்டிப் படுக்கட்டும் என்றுதான் அவ்வளவு பெரிய வண்டியே வாங்கினோம்.

ஓடுவதோ கொஞ்ச தூரம். டேங்க் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது. சம்பளம் வந்ததும் பங்க்குக்குத்தான் போகும்.

ஒருநாள் அப்பா மெல்ல ஆரம்பித்தார். "வாரத்துக்கு ரெண்டு தடவை போனா போதும்மா. எனக்கு நல்லாத்தான் இருக்குது."

கால் வீங்கிப்போய் செருப்பு நுழையாத மனுஷன் சொன்ன பொய் அது. ஒரு தடவை குறைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை நேரே ஞானம் அண்ணன் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் வாய் இருக்கிறதே... தெருக்கோடி வரை கேட்கும். "இன்னா தங்கச்சி, வண்டி ஓட்றியா, ஏர் ஓட்றியா?" இதுதான் வரவேற்பு.

ஏர் ஃபில்டர் மாற்றினார். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். "இனிமே பாரு, டீசலை மோந்து பாத்தாலே ஓடும்" என்று சவடால் வேறு.

ஒன்றும் மாறவில்லை. மறுபடியும் போய் நின்றேன். மனுஷனுக்கு முகமே சுருங்கிவிட்டது.

"வண்டிய மட்டும் இட்டாந்தா எனக்கு இன்னா தெரியும்? நைனாவையும் ஏத்திகினு கெளம்பு, நானும் வரேன். எப்பவும் எப்டி போவியோ அப்டியே போ. நான் கீறேன்னே நெனைக்காத."

அடுத்த டயாலிசிஸ் அன்று கடைசி சீட்டில் முழங்காலை மடக்கி, தொப்பையை அடக்கி உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தார். நான் இருக்கிறேன் என்றே நினைக்காதே என்றவர், "கிளட்ச் மேலருந்து கால எடு!" என்று வழி முழுக்கக் கத்தினார். அப்பா சிரித்தார்... ரொம்ப நாள் கழித்து.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் ஒவ்வொரு வீலாகத் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் இடது வீல் கொதித்தது; வைத்த கையை உதறிக்கொண்டு துள்ளினார். பெடலிலிருந்து காலை எடுத்தாலும் அந்த வீலில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"புட்ச்சிட்டேன் பாத்தியா!" என்று செக்யூரிட்டியிடம்கூடப் போய்ச் சொன்னார்.

ஆனால் பாதிதான் பிடித்திருந்தார்.

டயாலிசிஸ் முடிந்ததும் அப்பாவுக்குத் தலை சுற்றும். உடனே ரோட்டில் போனால் வாந்தி. அதனால் பார்க்கிங்கிலேயே நடு சீட்டில் படுக்க வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, அவர் தெளியும்வரை உட்கார்ந்திருப்பேன். சில நாள் மத்தியானம் முழுக்க.

சக்கரம் சுற்றினால்தான் டீசல் செலவு என்பது என் கணக்கு. நிற்கிற வண்டியும் குடிக்கும் என்று தோன்றவே இல்லை.

அண்ணன் அதைப் பார்த்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். நடு சீட்டில் வெளிறிப்போய்க் கிடந்த அப்பாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கீழே இறங்கி வெயிலில் போய் நின்றார்.

பிரேக்கைச் சரி செய்து சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்.

"நிக்க வச்சி ஏசி போட்டாலும் அது குடிச்சிகினுதாம்மா இருக்கும். இனிமே அங்க நிக்காத. நைனாவ மெதுவா இங்க இட்டுனு வா."

ஷெட்டை ஒட்டி அவர் வீடு. முன்னறையில் அடைந்து கிடந்த பழைய டயர், பம்பர் எல்லாம் வெளியே போயிருந்தன. ஒரு கட்டில். தலைமாட்டில் டேபிள் ஃபேன். கீழே ஒரு பக்கெட்... வாந்திக்கு. அதைக்கூட யோசித்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பக்கம்தான். ஊர்ந்துகொண்டே வந்துவிடுவேன். கேட்டுக்குள் நுழையும்போதே குரல் வரும்: "தங்கச்சி, ஆஃப் பண்ணு!"

அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா டீ கொடுப்பார். அப்பாவுக்குத் தண்ணீர் அளவு என்பதால் அரை டம்ளர்தான். அப்பா படுத்தபடியே ஷெட்டுக்கு வரும் வண்டிகளுக்கெல்லாம் என்ன கோளாறு என்று சொல்வார். "நைனா, நீ தூங்கு!" என்று அண்ணன் கத்துவார்.

டயாலிசிஸ் கடைசிவரை வாரம் மூன்று தடவைதான். அப்பா போன வருஷம் போனார்... ஒரு தடவைகூடக் குறைக்கவில்லை.

அதன்பிறகு சர்வீசுக்குப் போனேன். கட்டில் அங்கேயே இருந்தது. யாரோ ஓர் அம்மா படுத்திருந்தார், அதே ஃபேன், அதே பக்கெட்.

நேற்று சர்ச்சிலிருந்து கல்லறைக்கு ஸ்டெல்லா அக்காவை என் வண்டியில்தான் அழைத்துப் போனேன். குழி வெட்டி முடியவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். சரியான வெயில். அக்கா நடு சீட்டில், அப்பா படுத்திருந்த இடத்தில். ஏசியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா என் தோளைத் தொட்டார்.

"ஆஃப் பண்ணும்மா... அவரு கத்துவாரு."

ஆஃப் பண்ணிட்டேண்ணா. நீங்க தூங்குங்க.