விடச் சொன்னது எதை

யோசேப்பு அண்ணையும் நானும் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறோம். இலையுதிர் காலத்தில் நகருக்கு வெளியே குறுக்குவில்லோடு மான் வேட்டைக்குப் போவோம். எங்களுடைய அனுமதிப்படி கொம்புள்ள ஆண் மானை மட்டும்தான் எய்யலாம். மூன்று வருடமாக நான் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

அன்று நன்றாக விடிந்த பிறகு, நாங்கள் இருந்த பரணுக்குக் கீழே ஒரு மான் வந்து நின்றது. நான் வில்லை உயர்த்தினேன். அண்ணை என் காதருகே, "விடு தம்பி, விடு," என்றார்.

அம்பை விட்டேன். மான் சிறிது தூரம் ஓடி விழுந்தது. கிட்டப் போனோம். பெண் மான்.

"நான் மானையெல்லோ விடச் சொன்னனான்," என்றார் அண்ணை.

"அம்பை விடச் சொல்லுறியள் எண்டு நினைச்சிட்டன்."

அவர் வனவிலங்கு அதிகாரிக்குப் போன் செய்தார். அதிகாரி வந்ததும் அண்ணை, தான் சொன்ன சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் என்றும், பிழை தன்னுடையது என்றும் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மானை ஏற்றிப் போனார்.

இப்போது பரணில் அண்ணை "வேண்டாம்" என்றுதான் சொல்கிறார். விருந்துகளில் இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஆனால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் அந்த மானின் தலையைப் பார்த்திருந்தேன். அதில் கொம்பு இருக்கவில்லை. அண்ணையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.