இருள்வேந்தனின் கடைவாய்ப்பல்

"வாடிக்கையாளர் பெயர்: இருள்வேந்தன். பாலினம்: ஆண். வயது: பதினெட்டு முதல் இருபத்து நான்குக்குள். பயன்பாடு: தொழில்முறைப் போட்டி விளையாட்டு. அனுபவ நிலை: தளபதி."

சர்வீஸ் சென்டர் சீட்டில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்து, "இருள்வேந்தன் சார்! யாருங்க இருள்வேந்தன்?" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். நாற்காலிகளில் இருந்த பையன்கள் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். கடைசி நாற்காலியிலிருந்து, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"உங்க பையனோட லேப்டாப்பா மேடம்?"

"என்னோடது."

"ஓ." கவுண்டர் பெண் சீட்டைப் பார்த்தாள், தளபதியைப் பார்த்தாள். "எந்த கேம் ஆடும்போது ஆஃப் ஆச்சு?"

"கீழ்க் கடைவாய்ப்பல். இடது பக்கம்."

"அது எப்ப வந்த கேம் மேடம்?"

விஷயம் இதுதான். லேப்டாப்பை வாங்கித் தந்தவன் அவளுடைய தம்பி. விளையாட்டு வீரர்களுக்கு ஒரு மவுஸ் இலவசம் என்று போட்டிருந்ததால் அக்காவைத் தளபதியாக்கிவிட்டான். பெயரும் அவன் வைத்ததுதான். மவுஸ் மூன்றாவது மாதமே செத்துப்போயிற்று. பதவி மட்டும் நிலைத்துவிட்டது.

அவள் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயைப் படமெடுத்துப் பல் கட்டும் லேபுக்கு அனுப்புவார்கள், லேப் அவளுக்கு அனுப்பும். இல்லாத பல்லை அவள் திரையில் செதுக்குவாள்: பக்கத்துப் பல்லை இடிக்காமல், எதிர்ப் பல்லோடு சண்டைக்குப் போகாமல், உணவு போய் மாட்டிக்கொள்ள இடம் விடாமல். அவள் செதுக்கியதை லேபில் ஒரு மெஷின் வெள்ளைக் கட்டியில் அப்படியே கடைந்து எடுக்கும். இதற்கெல்லாம் சாதாரண லேப்டாப் தாங்காது. அரக்கனின் தலையைச் சீவுவதற்கும் கடைவாய்ப்பல்லைச் சீவுவதற்கும் கம்ப்யூட்டருக்கு ஒரே அளவுதான் மூச்சு வாங்குகிறது. ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்குத் தெரியும். ஒருவர் முகமும் தெரியாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை பார்த்தவர், ஒரே ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்தார். "விழுறதுக்கு ஒரு மரியாதை வேண்டாம்?" என்று ஆரம்பத்தில் அவரே சொல்லிச் சிரித்ததுண்டு. இப்போது சொல்வதில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு எதற்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சக்கர நாற்காலி உள்ளறைக் கதவுக்குள் நுழையாததால் அவருடைய கட்டில் முன்னறைக்கு வந்தது. கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய மேஜை. பல்லைத் திருப்புவாள், எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பாள், மறுபடியும் உட்கார்ந்து பல்லைத் திருப்புவாள். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தது அவள் அதிர்ஷ்டம் என்று நாத்தனார் சொன்னாள், தம்பி சொன்னான், டாக்டர் சொன்னார், சிலிண்டர் போட வந்தவர்கூடச் சொல்லிவிட்டுப் போனார். நலம் விசாரிக்க வந்தவர்கள் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். "பாவம்மா நீ" என்று அவர்கள் வாயைத் திறக்கும்போது, மேல்வரிசைக் கோரைப்பல் கட்டினது, நிறம் ஒரு சாயல் கூடிப்போச்சு என்று அவள் கவனித்துக்கொண்டிருப்பாள். கல்நெஞ்சம் என்று சிலர் முடிவுக்கு வந்தார்கள். நெஞ்சு இருந்தால்தானே கல்லா மண்ணா என்று பார்க்க.

அப்படியொரு மத்தியானம்தான் அந்தக் கடைவாய்ப்பல் பாதி திரும்பிக்கொண்டிருந்தபோது குறுக்கே ஊதா நிறக் கோடுகள் விழுந்தன. பிறகு திரை பச்சையாயிற்று. பிறகு கறுப்பு.

"என்ன, ஃபேன் சத்தம் நின்னுடுச்சு?" என்றார் கட்டிலிலிருந்து.

"அணைஞ்சு போச்சுங்க."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"ஆஃப் ஆனதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

சர்வீஸ் சென்டர் இரண்டே வரியில் முடித்தது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. மாற்றினால் முழு போர்டையும் மாற்ற வேண்டும், அதற்குப் புதுசே வாங்கிவிடலாம். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, போனது திரையில படம் காட்டுற கிராஃபிக்ஸ் கார்டு மட்டும்தான். இப்ப வர்றதுல எல்லாம் போர்டோட சேர்த்துப் பத்த வச்சிடறான். இந்த மாடல்ல மட்டும் தனியா கழட்டி மாட்டலாம். அதனாலதான் இதை வாங்கினேன்."

"மவுஸுக்காக வாங்கினேன்னு சொன்னே."

"அது அப்ப. இது இப்ப."

அவனே அவளை ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஜெராக்ஸ் கடைக்கும் போன் உறைக் கடைக்கும் நடுவில், அகலத்தில் ஒரு ஆளும் நீளத்தில் நாலு ஆளும் நிற்கக்கூடிய கடை. கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டியிருந்தார். கேம் ஆடுகிறவர்களால்தான் அவருக்குப் பிழைப்பு. கேம் ஆடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"ராத்திரி பகலா போட்டு வறுத்திருப்பாங்க. நீ என்ன கேம்ப்பா ஆடுறே?" என்று தம்பியைக் கேட்டார்.

"நான் இல்ல. அக்கா."

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "வேலைக்கு வச்சிருக்கேன்" என்றாள் அவள். அவருக்கு அதில் ஒரு நிம்மதி.

"ரெண்டு வழி இருக்கும்மா. பழைய கார்டுக்கே சூடு வச்சு எழுப்பி விடலாம். எந்திரிச்சு உக்காரும். ஒரு மாசமோ, ஒன்றரை மாசமோ. அப்புறம் படுத்துக்கும். இல்ல, வேற கார்டு. தேடணும். பழைய மாடல், வர்றதுக்கு நாளாகும்."

"வேற கார்டே போடுங்க."

"அதுவரைக்கும் உங்க வேலை?"

அதுதான் கேள்வி. லேபில் கம்ப்யூட்டரோடு ஒரு மேஜை காலியாக இருக்கிறது, வந்து செய்யட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் போனால் வீட்டில் அவரை யார் பார்ப்பது? இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார், கணவரின் அக்கா, பகலில் வந்து இருப்பதாக ஒப்புக்கொண்டாள். ஆனால் வார்த்தையில் முடிச்சுப் போட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

"இதோ பாரும்மா, மெஷின் வர்ற வரைக்கும்தான். வந்த மறுநாள் நான் கிடையாது. எனக்கும் வீடு வாசல் இருக்கு."

"சரி அண்ணி."

"அவன் என் தம்பிதான். இல்லேங்கல. ஆனா பொண்டாட்டி நீ."

"சரி அண்ணி" என்றாள் மறுபடியும். முதல் 'சரி'க்கும் இரண்டாவது 'சரி'க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

லேபில் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நீளமான ஒரு ஹால். ஒரு பக்கம் கடைகிற மெஷின்கள். அவற்றைச் சுற்றி யார் போனாலும் சட்டையில் வெள்ளை மாவாகப் படியும். இன்னொரு பக்கம் பல்லைச் சுட்டெடுக்கிற சூளை. ஜன்னலோரம் அவள் மேஜை. பல்லுக்குச் சாயம் பூசுகிற ஒருவர் நாள் முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொள்வார். மெஷின் ஆபரேட்டர் ஒரு பெண், வந்த அன்றைக்கே இவளை "தள்ளுக்கா" என்று இடித்துக்கொண்டு போனாள். ஒன்றரை வருஷமாக யாரும் அவளை அப்படி இடிக்கவில்லை. எல்லோரும் ஒதுங்கித்தான் வழிவிட்டார்கள். மத்தியானம் டப்பாவைத் திறந்து கடைசிக் கவளம் வரை உட்கார்ந்தபடியே சாப்பிட்டாள். முடித்த பிறகுதான், நடுவில் எழுந்திருக்கவில்லை என்பது உறைத்தது.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வீட்டில் எப்படி ஒன்றும் தோன்றாதோ, இங்கேயும் அப்படியே ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் வீட்டில் தோன்றாதபோது ஏதோ தப்புச் செய்வதுபோல இருக்கும். இங்கே அது வெறும் வேலை நேரம். சாயம் பூசுகிறவர் அவள் முகத்தில் எதையும் தேடவில்லை. "அக்கா, இந்த ஆளு எந்தப் பக்கம் மெல்லுறான்?" என்பார். "வலது. இடது பக்கம் பயம்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில்தான் மாறுதல். சாயங்காலம் படியேறும்போதே அக்கா தம்பி சண்டை கேட்கும்.

"சீட்டை ஒளிச்சு வச்சிருக்கே! போர்வைக்கு அடியில வச்சிருக்கே, எடு!"

"கால் கிட்ட எது இருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்? உணர்ச்சியே இல்லையே."

"நடிக்காதடா. சின்ன வயசுலயும் இதே பித்தலாட்டம்தான்."

இவள் கதவைத் திறந்ததும் சீட்டுக்கட்டு நிற்கும். அவர் முகம் மரியாதையாகிவிடும். நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருதாம் உன் மெஷின்? எனக்கு முதுகு விட்டுப்போச்சு" என்பாள். முதுகு வலி பொய்யில்லை. சீட்டாட்டமும் பொய்யில்லை. அவளோடு அவர் ஒருநாளும் சீட்டாடியதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிச் சொல்லியே இருவருக்கும் பேச்சு வற்றியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கடைக்காரர் போன் செய்தார். "கார்டு வந்துடுச்சு. நீங்க எதிர்ல இருந்தாத்தான் பிரிப்பேன். அப்புறம் அது தொலைஞ்சுது இது தொலைஞ்சுதுன்னு பேச்சு வரக்கூடாது."

வேலை முடிந்து நேராகப் போனாள். லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். விசிறியை எடுத்தபோது, கம்பளித் துண்டு மாதிரி தூசி மொத்தமாக வந்தது. "வீட்ல போர்வை அதிகமா?" என்றார். "கட்டில் பக்கத்துல இருந்துச்சு" என்றாள். வெப்பத்தைக் கடத்துகிற செம்புக் குழாய்களின் திருகுகளை எதிரெதிர் மூலையாகத் தளர்த்தினார். "ஒரே பக்கமா கழட்டினா சிப்பு நசுங்கிடும். கொஞ்சம் இங்க, கொஞ்சம் அங்க." குழாயைத் தூக்கியதும், உள்ளங்கை அளவுப் பச்சைத் தகடு தெரிந்தது. அதன் நடுவில் காய்ந்து வெடித்த சாம்பல் நிறப் பசை.

"இதுதான் ஆளு." இரண்டு திருகை எடுத்ததும் அது தானாகவே ஒரு பக்கம் நிமிர்ந்து நின்றது. உருவி அவள் கையில் கொடுத்தார். கனமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

புதியதைச் சரிவாகச் செருகி அமுக்கி, திருகி, நடுவில் அரிசி அளவு பசை வைத்து, குழாய்களை மறுபடியும் மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். பேட்டரியை இணைத்துப் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. அவள் தன்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்: வர வேண்டும் என்று நினைக்கிறேனா? பிறகு திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துட்டான்!" என்றார். ஏதோ ஒரு போர்க்கள கேமை ஓடவிட்டு, சூட்டைப் பார்த்தார். அவள் தன் கோப்பைத் திறந்தாள். கடைவாய்ப்பல் விட்ட இடத்திலேயே இருந்தது. விரலால் தள்ளினாள். முழுவதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, ஒரு கோடும் இல்லாமல். அந்தப் பல்லை லேபில் வேறொருவர் செய்து, அது எப்போதோ ஒரு வாய்க்குள் போயிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க. மூணு வருஷத்துக்கு என் மூஞ்சில முழிக்க வேண்டியதில்ல."

அவள் பணத்தைக் கொடுத்தாள். லேப்டாப்பை மூடினாள். பைக்குள் வைக்கவில்லை.

"இங்கயே இருக்கட்டுமே."

"எதுக்கு?"

"ஓட்டிப் பாருங்க. கொஞ்ச நாளைக்கு."

"ஓட்டிப் பாத்தாச்சேம்மா. உங்க கண்ணு முன்னாடிதானே."

"பரவால்ல. இருக்கட்டும். நீங்க போன் பண்ண வேண்டாம், நானே வரேன்."

கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றினார். "ரிப்பேர் ஆகலேன்னு சண்டை போட்டவங்களைப் பாத்திருக்கேன். ரிப்பேர் ஆனதை விட்டுட்டுப் போறவங்களை இப்பதான் பாக்கறேன்" என்றார். ஆனாலும் எடுத்து மேல் அலமாரியில் வைத்தார்.

வீட்டில் நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கையையும் பையையும் பார்த்தார்.

"ஆச்சா?"

"பார்ட்ஸ் இன்னும் வரலையாம்."

"கார்டா?"

"கார்டுதான்."

அவர் கூரையைப் பார்த்தார். இருபது வருஷம் மெக்கானிக் வேலை பார்த்தவர். "நாங்களும் சொல்லுவோம், பார்ட்ஸ் வரலேன்னு" என்றார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "என்னடா, மெஷின் வந்துடுச்சா?"

"இன்னும் வரலையாம்க்கா" என்றார் அவர். "நாளாகும்போல. திங்கக்கிழமை நீதான்."

"என் தலையெழுத்து" என்றாள் நாத்தனார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள். சரியாகிவிட்ட லேப்டாப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை லேபுக்கு வேலைக்குப் போனாள்.