மஞ்சள் அவுஸும் மில் சுவரும்

ஆண்டு விழா வாரம் என்றால் எனக்கு இன்றும் முதலில் நாக்கில்தான் நினைவு வருகிறது. தொண்டை கட்டாமல் இருக்க அம்மா கைக்குட்டையில் முடிந்து கொடுக்கும் மிளகையும் பனங்கற்கண்டையும் சேர்த்துக் கடித்தபடி, காரமும் இனிப்புமாக மைதானத்துக்கு ஓடுவோம். புதுச்சேரியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அந்த வாரம் பாடம் நடந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகள், எங்கள் வாயில் "அவுஸ்". கல்யாணமாகிப் போன பழைய மாணவிகள்கூட இடுப்பில் குழந்தையோடு வந்து, தங்கள் அவுஸ் நிறத்தில் ரிப்பன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் மஞ்சள். மஞ்சள் தோற்றால் எனக்குச் சோறு இறங்காது, அப்படி ஒரு பைத்தியம்.

மைதானத்தின் மேற்கே, மூடிக் கிடந்த பஞ்சாலையின் நீண்ட சுவர் இருந்தது. போட்டிகள் முடிந்ததும் ஒவ்வொரு அவுஸும் அந்தச் சுவரைப் பார்த்து நின்று "ஜே!" போட வேண்டும், சுவர் அதைத் திருப்பிச் சொல்லும், யாருக்குத் தெளிவாகச் சொல்கிறதோ அவர்களுக்குத்தான் கோப்பை என்பது எங்கள் நம்பிக்கை. அந்த ஆலையில் தறி ஓட்டிய அப்பாவுக்கு இது கட்டோடு பிடிக்காது. "ஆளில்லாத எடத்தப் பாத்துக் கூப்டாதடி, யாராச்சும் வந்துடப் போறாங்க" என்பார். வேலை போன வருத்தத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் பக்கத்து இடம் தேவகிக்கு. வைத்திக்குப்பத்திலிருந்து வருவாள், பிரேயருக்கும் பிந்தி, சாப்பாட்டுக்கும் பிந்தி, "ஜே" போடுவதிலும் பிந்தி. நாங்கள் எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு அவளுடைய ஒற்றைக் குரல் மட்டும் கீச்சென்று கேட்கும். எங்கள் பி.டி. சார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த "சொல்தா" ஒருவரின் மகன், தாளம் பிசகினால் பொறுக்கமாட்டார். "யாருடி அது, போன பஸ்சுக்குக் கை காட்றது?" என்று கத்துவார். மைதானமே சிரிக்கும். தேவகியும் சிரிப்பாள், அதையும் கொஞ்சம் பிந்தித்தான்.

நாங்கள் பத்தாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது, பிழைக்கவில்லை. பள்ளி திறந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்ததைப் பார்த்து அழுதேன். அந்த வயதில் அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த ஆண்டு விழா வாரத்தின் முதல் நாள் நாங்கள் சுவரைப் பார்த்துக் கத்தினோம். "ஜே" என்றது சுவர். நாங்கள் கலையப் போகும் நேரத்தில், கீச்சென்று இன்னொரு "ஜே" வந்தது. பி.டி. சார் பழக்கத்தில் "யாருடி அது" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். எங்களில் யாரும் பிந்திக் கத்தவில்லை; அந்தக் குரல் எங்கள் பக்கமிருந்து வரவும் இல்லை. மறுநாளும் அப்படியே. சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் இருப்பதால் எதிரொலி இரண்டு தரம் வருகிறது என்று அறிவியல் டீச்சர் விளக்கினார். அந்த இன்னொரு சுவர் போன வருஷம் எங்கே போயிருந்தது என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

செய்தி குப்பத்துக்குப் போகாமல் இருக்குமா? கடைசி நாள் மாலை தேவகியின் அம்மா மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தார். வாய் திறந்தால் கடைத்தெருவே அடங்கும், அப்பேர்ப்பட்டவர் அன்று சாரிடம் கெஞ்சினார்: "ஒரே ஒரு தரம் கத்தச் சொல்லு சார். எம் பொண்ணு கொரலக் கேட்டுட்டுப் போயிடறேன்."

சார் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கோ குரல் வந்தால் பயம். வராவிட்டால் இந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அதைவிடப் பயம். கத்தினோம். சுவர் சொன்னது. அப்புறம் ஒன்றுமில்லை. பழைய மாணவிகளின் இடுப்பிலிருந்த குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. செதில் ஒட்டிய விரல்களால் அவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். பேயாக இருந்தாலும் பரவாயில்லை, வந்துவிடு தேவகி என்று மனதுக்குள் மன்றாடினேன்.

வந்தது. அதே கீச்சுக் குரல்.

அவர் அழவில்லை. "இன்னமும் லேட்டாத்தான் வரா பாரு, கழுத" என்று சொல்லிவிட்டுப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டார். நான் கல்யாணமாகிக் கருவடிக்குப்பத்துக்குப் போன பிறகும், பழைய மாணவியாக ரிப்பன் கட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், விழாவின் கடைசி நாளில் அவர் அங்கே வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் சுவரை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வெட்டவெளி, அதற்கப்பால் சாலையில் பஸ் போவது தெரிகிறது. அவுஸ்கள் இருக்கின்றன, ரிப்பன் போய் டி-சர்ட் வந்திருக்கிறது, "ஜே" போய் ஸ்பீக்கரில் பாட்டு வந்திருக்கிறது. பழைய மாணவிகளை அழைக்கும் வேலையை வாட்ஸ்அப் குழுவில் என் தலையில் கட்டியதால், தேவகியின் அம்மாவைத் தேடி வைத்திக்குப்பம் போனேன். கண் மங்கியிருந்தது, என் குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டார்.

"எல்லாரும் வராங்கம்மா, நீங்களும் வாங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தடவினார்.

"செவுத்த இடிச்சிட்டாங்களாமே" என்றார். "நீங்கல்லாம் நேரத்துக்கு வந்துடுவீங்க. அவ பின்னாடி வந்து, செவுத்தக் காணாம, எங்கடி போய் நிப்பா?"