அக்காவுக்கு முன்னால் எனக்கு ஏறிய மஞ்சள் கயிறு

மாவு மில்லில் கரண்டு போனால் ஓர் அமைதி விழும். பெல்ட் சுற்றி ஓய்ந்து, சூடான அரிசிமாவின் வாசனை மட்டும் காற்றில் நிற்கும். கள்ளக்குறிச்சியில் ஒன்பதாவது படித்த நான், முறுக்குக்கான அரிசியோடு வரிசையில் நின்ற அன்றும் அப்படித்தான் விழுந்தது. மறுநாள் காலை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "மாவோட வா, இல்லன்னா வூட்டுப் பக்கமே வராத" என்பது அம்மாவின் கட்டளை. "சாயங்காலம்தான் கரண்டு வரும், டப்பாவ வச்சிட்டுப் போ" என்றார் மில்காரர்.

எதிரில் கல்வராயன் மலை பஸ். கூரைமேல் பம்பைகள், ஜன்னலில், விடுதியில் தங்கி என்னோடு படித்த வெள்ளையனும் சடையனும். "எங்க ஊர்ல திருவிழாடா. மேளம் கேட்டுட்டு சாயங்கால பஸ்ஸுக்கு எறங்கிடலாம், வா" என்றான் வெள்ளையன். நான் யோசிக்கவில்லை. அந்தப் பழக்கம் இப்போதும் இல்லை.

கோயில் முன்னால் பம்பை முழங்கியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே ஆடின. பூசாரி மஞ்சள் தோய்த்த கயிற்றை ஒவ்வொருவர் கையிலும் "காப்பு" கட்டிக்கொண்டு வர, எல்லாரும் நீட்டினார்களே என்று, சுண்டலுக்கு நீட்டுவதுபோல நானும் நீட்டினேன். முடிச்சு விழுந்த பிறகுதான் சடையன் தோளைத் தட்டினான்.

"அவ்ளோதான் மாப்ள. காப்பு அவுக்கிற வரைக்கும் ராத்திரி இங்கதான் படுக்கணும். எல்லையத் தாண்டினா ஆத்தா சும்மா வுட மாட்டா."

"எப்ப அவுப்பாங்க?"

"அடுத்த வெள்ளி."

அதன்பின் அந்தப் பம்பை, "மாட்டிக்கினியா, மாட்டிக்கினியா" என்றே என் காதில் அடித்தது. வெறும் காபியைக் குடித்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவதும், என்னால் அக்கா தலை நரைத்துப் போவதும் கண்முன் ஓடின. முடிச்சைப் பல்லால் கடித்தேன். உடனே வயிறு வலித்தது. தின்ற இரண்டு இலைப் பொங்கலை மறந்து, ஆத்தா வேலையைத் தொடங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்போது பஸ் ஹாரன் கேட்டது. நான் எழுப்பிய ஓலத்தில் பம்பையே நின்றுவிட்டது.

"இன்னாடா, ஏன் அழுவுற?" என்றார் பூசாரி.

"நாளைக்கு அக்காவப் பொண்ணு பாக்க வராங்க. மாவு மில்லுல கீதுங்க."

"உன்னையா பாக்க வராங்க, இப்டி அழுவுற?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. ஊரே சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. என் கயிற்றை அவிழ்த்துப் பம்பையின் வாரில் கட்டினார். "உனக்குப் பதிலா இது இங்க படுக்கட்டும். கல்யாணம் முடிஞ்சதும் நீயே வந்து அவுக்கணும், இன்னா?"

ஓடி பஸ்ஸைப் பிடித்தேன். மாவோடு நுழைந்தபோது, "எந்த ஊர்ல போய் அரைச்ச?" என்றாள் அம்மா. முறுக்கு நன்றாகவே வந்தது. அக்கா கல்யாணமும் நடந்தது. நான் மட்டும் மலைக்குப் போகவில்லை. மறுபடி கட்டிவிட்டால்?

போன வருஷம் அக்கா மகன் பைக்கில் அழைத்துப் போனான். அதே கோயில் முன்னால் பென்டிரைவ் பாட்டு ஆளுயரப் பெட்டிகளில் அலறியது. தலை நரைத்த வெள்ளையனிடம் பம்பையை விசாரித்தேன். "அடிக்கிறவரு திருப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டாரு. பம்பை எங்க போச்சோ" என்றான்.

"என் கயிறு?"

"அவுக்க நீதான வரணும் மாப்ள!"

இப்போது கரண்டு போனால் இன்வெர்ட்டர் முந்திக்கொள்கிறது. அந்த மில்லின் அமைதி விழுவதில்லை. ஆனாலும் விளக்கு ஒரு கணம் சிமிட்டினால் என் கை தானாகப் போய் மணிக்கட்டைத் தடவுகிறது. என் கணக்கில் அந்த "அடுத்த வெள்ளி" இன்னும் வரவேயில்லை.