டயாலிசிஸ் நின்றுபோன நாட்களில் கர்த்தர் தந்த மூச்சு

உட்கார்ந்தபடியே சாட்சி சொல்கிறேன், சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுதான் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தேன். கால்களில் இன்னும் தெம்பு வரவில்லை.

என் பெயர் ஜெயராணி. சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊர். பல வருடமாகச் சர்க்கரை, அதோடு பிரஷர். இரண்டும் சேர்ந்து என் சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டன. வாரம் மூன்று முறை மெஷினில் படுத்தால்தான் உடம்பில் சேரும் நீர் வெளியே போகும்.

கொரோனா இரண்டாம் அலை வந்த வைகாசியில் என் கணவர் அந்தோணிக்கும் எனக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்தது. அவர் சில நாள் இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நான் எழவில்லை. பரிசோதனையில் பாசிட்டிவ் என்றதும் டயாலிசிஸ் யூனிட்டுக்கு வர வேண்டாம் என்றார்கள். மற்ற நோயாளிகளுக்குத் தொற்றிவிடும் என்ற பயம். அதில் தப்பில்லை. கொரோனா வார்டுக்குப் போனோம். அங்கே டயாலிசிஸ் மெஷின் இல்லை. அங்கே கேட்டால் இங்கே போகச் சொன்னார்கள், இங்கே கேட்டால் அங்கே. வீட்டுக்கே திரும்பினோம்.

"அவருக்கும் இதே காய்ச்சல்தானே சார், எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று டாக்டரிடம் போனில் அழுதேன்.

"வைரஸ் ஒண்ணுதாம்மா. உங்க உடம்பு ஏற்கெனவே சர்க்கரையோடயும் கிட்னியோடயும் போராடிக்கிட்டிருக்கு. இன்னொரு சண்டைக்கு அதுகிட்ட பலம் இல்லை" என்றார்.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா கஷாயச் சொம்பை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கத்துவார். "ஜெயா, சூடா கீது, மொத்தத்தையும் குட்சிடு!" காய்ச்சல்காரர்கள் எல்லாரையும் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். எனக்கோ ஒரு டம்ளர் தண்ணீரே விஷம். குடித்தால் நுரையீரலில் போய் நிற்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படுத்தால் மூச்சு அடைக்கும். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்தே கிடந்தேன். முகம் வீங்கிவிட்டது. சபையும் பூட்டியிருந்த காலம். போதகர் போனில் ஜெபித்தார். ஆமென் சொல்லக்கூட எனக்கு மூச்சு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மனம் விட்டுப்போயிற்று. "ஆண்டவரே, கிட்னியைக் கேட்கவில்லை. ஒரே ஒரு நாளைக்கு மூச்சு கொடும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்றேன்.

என் கணவர் என் முதுகைத் தடவியபடி அழுதார். "அப்பிடிச் சொல்லாத ஜெயா. ஆண்டவர கேட்டுக்கினே இரு. நான் இங்கதான் கீறேன்."

ஞாயிறு காலை போன் அடித்தது. யூனிட்டில் என்னைக் கவனிக்கும் நர்ஸ் வசந்தி சிஸ்டர்.

"ஜெயா, மூச்சு எப்பிடி கீது? இன்னிக்கு யூனிட் லீவு. உன்ன மாதிரி பாசிட்டிவ் ஆனவங்களுக்கு மட்டும் மெஷின் ஓட்டலாம்னு பெரிய டாக்டர் ஒத்துக்கினாரு. ஆம்புலன்ஸ் அனுப்பிக்கீறோம். கெளம்பு!"

எங்களுக்காக வசந்தி சிஸ்டர் டாக்டரிடம் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. கவச உடைக்குள் அவர் முகம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுகொண்டேன். மெஷின் நீரை இழுக்க இழுக்க நெஞ்சு லேசாகியது. முடியும்போது மல்லாந்து படுத்திருந்தேன். அதற்குப் பிறகும் ஆக்சிஜன் வைத்துப் பல நாள் கிடந்தேன். ஆனால் டயாலிசிஸ் நிற்கவில்லை.

அன்று பக்கத்து மெஷினில் இருந்த பெரியவர் அந்த வாரமே இறந்துபோனார். அவரும் சாமியை வேண்டியவர்தான். நான் ஏன் பிழைத்தேன், அவர் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல உங்கள் முன் பேசமாட்டேன்.

முன்பு டயாலிசிஸுக்குச் சபித்துக்கொண்டே போவேன். இப்போது ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போகிறேன். யூனிட்டில் புதிதாக வந்து மிரண்டு நிற்பவர்களின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். உங்களில் சர்க்கரையோ ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் சளிக்காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் போங்கள். அது அவிசுவாசம் அல்ல. என் ஆண்டவர் ஒரு நர்ஸின் வாய் வழியாகத்தான் எனக்கு உதவினார்.

என் சிறுநீரகம் குணமாகவில்லை. நாளைக்கும் போக வேண்டும். ஒரு நாள் மூச்சு கேட்டவளுக்கு அவர் இத்தனை நாள் கொடுத்திருக்கிறார். நீங்களும் கேளுங்கள்.