மாவிளக்கு சரிந்த வெள்ளிக்கிழமை

சோற்றைக் கண்டாலே பயப்படுகிற நிலைமைக்கு நான் வந்திருந்தேன். இரண்டு வாய் உள்ளே போனால் போதும், மேல்வயிற்றில் பிடிக்கிற வலி முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகும். 2006-ஆம் வருடம் அது. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தேன். சீசன் நேரம், லோடு லோடாகச் சரக்கு போகும். நான் மட்டும் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் பக்கம் பட்டாசு வேலை பார்க்கிற ஆளுக்கு வயிறு வலித்தால் யாரும் இரண்டு தடவை யோசிப்பதில்லை. வெடித்தூசி குடலில் தங்கிவிட்டது, கருப்பட்டியைத் தின்று கழுவு என்பார்கள். நானும் தின்றேன். உடம்பில் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். அல்சர் என்று கொடுத்த மாத்திரைகளும் கேட்கவில்லை. உடம்பு உருகி, ரவிக்கை தோளில் நிற்க மறுத்தது. என் மகளுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை. இவளை யார் வளர்ப்பார்கள் என்று நினைத்து நினைத்து அழுவேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு அத்தையும் என் வீட்டுக்காரரும் என்னை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். வயிற்று நோய்க்காரர்கள் அங்கே மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் மாவிளக்கு ஏற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். விளக்கு எரிந்து முடிகிற வரை அசையக் கூடாது. பட்டினியும் வலியுமாக நான் பாதி மயக்கத்தில் இருந்தேன். கொட்டுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. கோயிலை ஒட்டிய ஆற்று மணல் என்னை மெல்லத் தாலாட்டியது. வேப்பிலை வாசம், மஞ்சள் புடவைகள், எல்லாம் மிதந்தன. தாயே, என் பிள்ளைக்காக என்னை விட்டுவை என்று கேட்டேன்.

விளக்கை வைத்தார்கள். மல்லாந்து கிடக்க என்னால் முடியவில்லை. வலி என்னைச் சுருட்டி எழுப்பியது. முன்னால் குனிந்தேன். மாவிளக்கு சரிந்து மணலில் விழுந்து அணைந்தது.

"அய்யோ, ஆத்தா ஏத்துக்கிடலையே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெற்ற தாயே கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "எம்புட்டு நாளா இப்பிடிக் குனிஞ்சே இருக்கீக, தாயி? மல்லாந்து படுத்தா வலி கூடுதா? குனிஞ்சா கொஞ்சம் குறையுதா?"

வேட்டி கட்டிய ஒருவர். நான் கனவு என்றே நினைத்தேன். என் வலியை நான் சொல்லாமலே சொல்கிறாரே!

அவர் மதுரையில் அறுவை மருத்துவர். டாக்டரான காலத்திலிருந்து கணையம், ஈரல், குடல் என்று பிறர் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கிறவர். காலையில் ஆபரேஷன், மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சி. சாமி கும்பிட வந்தீர்களா என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"வயித்து வலிக்காரங்க எல்லாம் இங்கனதான வாறாக. நான் வேற எங்க போய்த் தேடட்டும்?" என்றார் அவர்.

அவர் சொன்னபடியே மதுரைக்குப் போனோம், ஸ்கேன் எடுத்தார்கள். கணையக் குழாய் முழுக்கக் கல். "குடிக்கிறவங்களுக்குக் கணையம் கெடும். குடிக்காதவங்களுக்கும் நம்ம பக்கம் இப்பிடிக் கல்லு வருது. ஏன்னு தெரியல. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னய ஏன் பாக்கீக? நீங்கதான தீவாளிக்குத் தீவாளி கவுந்து கெடப்பீக!" என்றேன். அந்த வலியிலும் சிரித்துவிட்டோம்.

ஆபரேஷன் மேசையில் மேலே வட்டமாக அத்தனை விளக்குகள். கோயிலில் நேர்ந்து எடுக்கிற ஆயிரங்கண் பானை, அதன் துளைகளில் வெளிச்சம் கசியுமே, அப்படி இருந்தது. பார்த்தபடியே தூங்கிப்போனேன். கனவில், கம்பெனியில் என் இடத்துக்குப் பக்கத்தில் ஆத்தா சம்மணம் போட்டு உட்கார்ந்து சரவெடி பின்னுகிறாள். விரல் முழுக்க மருதாணி. "நீ ஒறங்கு புள்ள. ஒம் பங்கையும் நானே பின்னிருதேன்" என்கிறாள்.

கண் திறந்தபோது அந்தப் பழைய வலி இல்லை. தையல் வலிதான். கணையத்தைத் திறந்து, கற்களை எடுத்து, குடலோடு சேர்த்துத் தைத்திருந்தார் டாக்டர். வெள்ளை வெளேரென்று இருந்த அந்தக் கற்களைக் காட்டி, "ஆராய்ச்சிக்கு நான் வச்சுக்கிடலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். என்னைப் படுத்தி எடுத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கணையம் கெட்டதால் வந்த சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். வேலைக்குப் போகிறேன். என் மகளை நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறேன். இந்த உயிர் ஆத்தா கொடுத்தது.

என் உடன்பிறப்புகளே, உங்கள் நேர்த்திக்கடன் கெட்டுப்போனது, சாமி கைவிட்டது என்று ஒரு நாள் உங்களுக்கும் தோன்றலாம். உடனே தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். ஆத்தா அனுப்பிய ஆள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.