விண்டர்கிரீன் செடிக்கு வைத்த ஐஸ்

நேற்று காலை பால் வாங்க மாடியிலிருந்து இறங்கியபோது, கீழ் வீட்டு ராமசேஷன் அவர்கள் தூக்கத்திலேயே காலமாகிவிட்டார் என்று காவல்காரன் சொன்னான். மாட்டுங்காவில் பதினோரு வருஷம் அவருக்கு மேல்வீட்டுக்காரன் நான். "கிட்டக்க இருந்து பார்த்தவர் நீர்தான் ஓய், நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடும். இரங்கல் கூட்டத்துல வாசிக்கணும்" என்றார் சங்கத்துக் காரியதரிசி. நல்ல வார்த்தைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ராமசேஷன் அவர்கள் கப்பல் கம்பெனியில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். நாணயஸ்தர். குடையை இரவல் வாங்கினால் அன்றைக்கே திருப்பிக் கொடுப்பார். ஆயிற்று.

அவர் மனைவி தவறிய வருஷம், சீமைக்குக் கப்பலேறிய அவருடைய துரை, ஊட்டியில் வளர்த்த விண்டர்கிரீன் நாற்றுகளை ஒரு தட்டு நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். ஜாண் உயரம்கூட வராமல் தரையோடு படர்கிற செடி. பளபளவென்ற இலை, சிவப்புப் பழம். கட்டடத்தின் பின்புறம் பெண்கள் துணி உலர்த்தும் இடத்தில், அவர்களை விரட்டிவிட்டு நட்டார். "சீமையிலே மரத்தடி முழுக்கக் கம்பளம் மாதிரி இதைத்தான் விரிப்பா. மூட்டுவலித் தைலம் இதிலேர்ந்துதான் எடுக்கறது. இலையை வென்னீர்ல போட்டுக் குடிச்சா ஜுரம் எறங்கும்" என்பார். இலையைக் கசக்கி என் பெண் லலிதாவின் மூக்கருகே காட்டுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

குளிர்ப் பிரதேசத்துச் செடி பம்பாய் வெயிலில் பிழைக்குமா? சித்திரை பிறந்ததும் கருக ஆரம்பித்தது. மனுஷர் விடவில்லை. பரஃப்வாலாவிடம் தினம் ஒரு கட்டி ஐஸ் வாங்கி, உடைத்து, சாக்கில் சுற்றிச் செடிகளுக்கு நடுவே வைப்பார். யுத்த காலம், எங்கள் கட்டடத்துக்கு வந்ததே அந்த ஒரு கட்டிதான்.

அந்தச் சித்திரையில்தான் ஆறு வயது லலிதாவுக்கு டைபாய்டு. நூற்றைந்து டிகிரி. தலையில் உடனே ஐஸ் வைக்கச் சொன்னார் டாக்டர். கிங்ஸ் சர்க்கிள் வரை ஓடினேன். ஒரு கடையிலும் இல்லை. திரும்பி வந்து ராமசேஷன் அவர்கள் முன்னால் கைகூப்பினேன்.

"பாதியாவது குடுங்கோ சார். கொழந்தை பிதத்தறா."

"இன்னிக்கு ஐஸ் வைக்காம விட்டா நாளைக்கு ஒரு செடி மிஞ்சாது ஓய்" என்று பத்து இலை கிள்ளிக் கொடுத்தார். "இதை வென்னீர்ல போட்டுக் குடும்."

சாக்கோடு பிடுங்கியிருக்க வேண்டும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த முட்டாள் நான்; இலையை வாங்கிக்கொண்டு மாடியேறினேன். லலிதா குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள்.

பிழைத்துவிட்டாள். இரண்டு காதும் போயிற்று. ஐஸ் வைத்திருந்தாலும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கட்டும், வைத்துப் பார்த்தோம் என்ற ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். அந்த மழைக்காலத்தில் செடிகள் அத்தனையும் வேரழுகிச் செத்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன்?

போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உம்ம பொண்ணு கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. கொஞ்சம் கண்டிச்சு வையும்" என்றார். மறந்தே போயிருந்தார், பாவி மனுஷர்.

லலிதாவுக்கு இப்போது பத்து வயது. கீழ் வீட்டு மாமா செத்துப்போய்விட்டார் என்று நேற்று அவளுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். தேம்பித் தேம்பி அழுதாள். ஐஸ் விஷயத்தை நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போய், அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னையும் தொடச் சொல்லி ஜாடை காட்டினாள். தொட்டேன்.

ராமசேஷன் அவர்களே, அது அவளுக்காக. போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள்.